விலை இறங்கிய பழைய சொகுசுக் காரை வாங்கிச் சீரமைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வந்தபோது நெருங்கவே முடியாத விலையில் இருந்த பெரிய கார், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணச் சிறிய காரின் விலைக்கு விற்பனைக்கு வருகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. தோல் இருக்கைகள் இன்னும் கம்பீரமாக இருக்கின்றன. டாஷ்போர்டில் ஒன்றிரண்டு எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன. வாங்கி, ஓய்வு நேரத்தில் நாமே பழுது பார்க்கலாமே என்று ஆசை பிறக்கிறது. அந்த ஆசையோடு இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இவ்வளவு நல்ல கார் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதன் உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. வேலைக் கூலியோ ஏறிக்கொண்டுதான் போகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் கார்களுக்கு அச்சாகப் பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிய காராக வாங்கியவர் அதற்கான செலவையும் தாங்கக்கூடியவராக இருந்தார். அவரிடமிருந்து வாங்கியவர் அவசியமானதை மட்டும் செய்தார். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வாங்கியவர்கள், ஓடுகிறவரை ஓடட்டும் என்று வேலைகளைத் தள்ளிப்போட்டார்கள். அப்படித் தள்ளிப்போட்ட வேலைகள் அனைத்தும் காரோடு சேர்ந்து உங்களிடம் வருகின்றன. அவை எவை, அவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அந்தக் காரின் உண்மையான விலை தெரியும்.

இது எனக்கு ஏற்ற வேலைதானா?

உங்களிடம் அன்றாடப் பயணத்துக்கு வேறு வண்டி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் வாங்காதீர்கள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஞாயிறு இரவு செய்யும் பழுது எதுவும் ஒழுங்காக அமையாது.

அடுத்து இடம். மழை படாத, சமமான, கெட்டியான தரை வேண்டும். கார் பல வாரங்கள் சக்கரம் இல்லாமல் அங்கே நிற்கலாம். மூன்றாவது, மனப்பாங்கு. இந்தக் கார்களில் பாதி வேலை ஸ்பேனரால் நடப்பதில்லை. வயரிங் வரைபடத்தைப் பொறுமையாகப் படிப்பதிலும், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதிப்பதிலும் நடக்கிறது. அந்த வேலையில் உங்களுக்கு மகிழ்ச்சி கிடைக்கும் என்றால், இதைவிடச் சிறந்த பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. காரை ஓட்டுவதில் மட்டுமே ஆசை இருக்கிறது என்றால், அதே பணத்துக்கு வயது குறைந்த சாதாரணக் காரை வாங்குவதே மேல்.

கிலோமீட்டர் அதிகம் என்றால் பயப்பட வேண்டுமா?

கிலோமீட்டரைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஓடாமல் நின்ற ஆண்டுகளைக் கண்டு பயப்பட வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், சரியான வெப்பநிலையில் ஓடிய என்ஜின் அதிகம் தேய்வதில்லை. 1996 மாடல் லெக்ஸஸ் எல்எஸ் 400 ஒன்று பத்து லட்சம் மைல்களைத் தாண்டி ஓடியிருக்கிறது. மாறாக, நான்கு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற கார் வெறும் எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். ஆனால் அதன் ரப்பர் சீல்கள் இறுகியிருக்கும், பெட்ரோல் கெட்டுப்போய் இன்ஜெக்டர்களில் படிந்திருக்கும், பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பர்கள் இறுகிப்போயிருக்கும், ஹோஸ்களில் வெடிப்பு விட்டிருக்கும்.

நான் ஓடோமீட்டரை நம்புவதைவிட பில்களை நம்புகிறேன். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த வேலை நடந்தது என்று வரிசையாகக் காட்டும் காகிதங்கள் இருந்தால், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரையும் தைரியமாகப் பார்க்கலாம். பில்களில் உள்ள எண்கள் படிப்படியாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். இடையில் குறைந்தால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கின் தோல் வழவழவென்று தேய்ந்து, பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கிப்போயிருக்க, மீட்டர் மட்டும் தொண்ணூறாயிரம் காட்டினால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். பல கார் நிறுவனங்கள் இந்த ஆயில் காரின் ஆயுளுக்கும் போதும் என்று சொல்லிவந்தன. ஆனால் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, தன்னுடைய ஆறு கியர் வகைக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்த ஒரு பில்லை வைத்தே முந்தைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது?

பிராண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த மாடல், அதில் எந்த என்ஜின், எந்த ஆண்டு என்று பாருங்கள். ஒரே மாடலில் ஓர் என்ஜின் காலம் முழுக்க உழைக்கும்; இன்னோர் என்ஜின் சொத்தை அழித்துவிடும்.

சில உதாரணங்கள். 2001 முதல் 2010 வரை பிஎம்டபிள்யூ பெரிய கார்களில் வந்த என்62 வகை வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினில், வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் ஸ்டெம் சீல்கள் இறுகி ஆயில் எரியத் தொடங்கும். அதே என்ஜினின் நடுவே, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் ஒரு நீளமான குழாய் ஓடுகிறது. அதன் முனையில் இருக்கும் சீல் விலை மிகக் குறைவு. ஆனால் அது கசிந்தால், குழாயை வெளியே எடுக்க என்ஜினின் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பிரித்துப்போட வேண்டும். இந்தத் துன்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் சுருங்கி விரியும் மாற்றுக் குழாய்களை வேறு நிறுவனங்கள் தயாரித்து விற்கின்றன. ஆடி எஸ்4 காரில் 2003 முதல் வந்த 4.2 லிட்டர் வி8 என்ஜினுக்கு, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின்கள் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கின்றன. செயின் வழிகாட்டி ஒன்று உடைந்தால் என்ஜினையே கீழே இறக்க வேண்டும். தொடக்க கால போர்ஷே கேயன் வி8 கார்களில் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். அவை விரிசல் விட்டதால் பிறகு அலுமினியக் குழாய்கள் வந்தன.

பழைய கார்கள் எளிமையானவை என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124 நான் மிகவும் மதிக்கும் கார். இருந்தும் 1990களின் முதல் பாதியில் வந்தவற்றில் என்ஜின் வயரிங்கின் மேலுறை காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்கிறது. வயரிங் மாற்றப்பட்டிருந்தால் நல்ல கார். மாற்றப்படவில்லை என்றால் அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை இறங்குபவருக்கு என் பரிந்துரை: டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன், அதிக எண்ணிக்கையில் விற்ற மாடல். நிறைய விற்ற கார் என்றால் பிரித்து விற்கும் கார்களும் நிறையக் கிடைக்கும், அனுபவம் உள்ள மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். பன்னிரண்டு சிலிண்டர் ஆசையை அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

என்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அவசரப்படாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.

குளிர்ந்த என்ஜினை அவர் ஸ்டார்ட் செய்யட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். முதல் சில விநாடிகளில் முன்பக்கத்திலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ சங்கிலி உரசுவது போன்ற கடகட ஓசை வந்தால் டைமிங் செயினையோ அதன் டென்ஷனரையோ சந்தேகிக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிக்கச் சொல்லுங்கள். பின்னால் நீலப் புகை குபுகுபுவென்று வந்தால் வால்வ் சீல்கள் போய்விட்டன. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்பு, போயிருக்கலாம். அந்தக் காரைத் தவிர்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒருமுறையும் சோதியுங்கள். ரிவர்ஸில் போட்டதும் ஒரு விநாடிக்கு மேல் தாமதித்துத் திடுக்கென்று இழுத்தால் நல்ல அறிகுறி அல்ல. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்புங்கள். கரடுமுரடான சாலையில் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டி, ஏதாவது ஓசை வருகிறதா என்று கேளுங்கள்.

இனி டயர்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் தயாரானது. நான்கு டயர்களும் நான்கு பிராண்டாக, நான்கு வயதாக, எல்லாமே கிடைத்ததில் மலிவானவையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அதே கணக்குத்தான் நடந்திருக்கும். டயருக்கே மனம் வராதவர் கியர்பாக்ஸுக்குச் செலவு செய்திருக்க மாட்டார்.

இதற்குப் பிறகும் பிடித்திருந்தால், அந்த பிராண்டில் பழகிய, விற்பவருக்குச் சம்பந்தம் இல்லாத மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் பேச்சு அங்கே முடிந்தது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றடைத்த ரப்பர் பை இருக்கிறது. வயதானதும் ரப்பர் மடியும் இடத்தில் மெல்லிய வெடிப்பு விட்டுக் காற்று கசிகிறது. காரின் உயரத்தைச் சமன் செய்ய, பைகளில் காற்றடைக்கும் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது. சற்று நேரமே ஓடுவதற்காக வடிவமைத்த கம்ப்ரஸர் இப்படி ஓயாமல் ஓடிச் சூடேறித் தேய்ந்துவிடுகிறது. ஆக, கசியும் பையை மாற்றாமல் விட்டதால் கம்ப்ரஸரும் போய், இரண்டு செலவாகிறது. கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டு விற்க வருபவர்களும் உண்டு. பை கசிகிறவரை புதிய கம்ப்ரஸருக்கும் அதே கதிதான்.

சோதிப்பது எளிது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரவு முழுக்க நிறுத்தி மறுநாள் அளக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது ஓரிரு மணி நேரம் கழித்து. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கசிவு அங்கேதான். 1998இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ220 எஸ் கிளாஸ் போன்ற கார்களுக்கு மாற்றுப் பைகள் பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன என்பது ஆறுதல்.

உயிர் சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை: ஏர் சஸ்பென்ஷனை நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். காற்று இறங்கினால் கார் சட்டென்று படுத்துவிடும். ஜாக் ஸ்டாண்டுகள் தாங்கிய பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

"ஒரு சென்சார்தான் போயிருக்கிறது, அதனால்தான் லைட் எரிகிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

சென்சார் மட்டும்தான் என்றால், விற்கும் முன் அவரே மாற்றி நல்ல விலை வாங்கியிருப்பாரே.

விளக்கே எரியவில்லை என்றாலும் நிம்மதி அடையாதீர்கள். சிலர் நீங்கள் வரும் முன் பிழைக் குறியீடுகளை அழித்துவிடுவார்கள். ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 இணைப்பு உள்ள கார்களில், அதாவது அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் வந்தவற்றில், மலிவான ஸ்கேனரே இதைக் காட்டிக்கொடுக்கும். குறியீடுகளை அழித்தால் காரின் கணினி தன் சுயபரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல முறை ஓட்டினால்தான் அவை முடியும். பெரும்பாலான பரிசோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், பேட்டரி அண்மையில் கழற்றப்பட்டது அல்லது குறியீடுகள் அழிக்கப்பட்டன என்று பொருள். இரண்டுக்குமே விளக்கம் கேளுங்கள்.

மின்சாரக் கோளாறுகளைச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் அவற்றுக்கு மூலகாரணம் பெரும்பாலும் தண்ணீர். சன்ரூஃபைச் சுற்றியுள்ள வடிகால் குழாய்கள் இலைச் சருகால் அடைத்துக்கொள்ளும். மழைநீர் வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். பல சொகுசுக் கார்களில் கணினிகள் அடங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் பள்ளத்திலும் வைத்திருக்கிறார்கள். மேலே கார்ப்பெட் உலர்ந்திருக்கும்; கீழே உள்ள பஞ்சு மெத்தை பல நாட்கள் ஈரமாகவே இருக்கும். ஆகவே மேலாகத் தடவிப் பார்த்தால் போதாது. கதவோரப் பட்டையை நெம்பி, விரலைப் பஞ்சுக்குள் அழுத்துங்கள். விரல் நனைந்தாலோ, கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தாலோ, அந்தக் காரின் மின்சாரத் தொல்லைகளுக்கு முடிவே இருக்காது. இயந்திரக் கோளாறு எவ்வளவு பெரிதானாலும் எல்லை உண்டு. நனைந்து பச்சை பூத்த இணைப்புகளுக்கு அப்படி எல்லை கிடையாது.

இரவில் பேட்டரி இறங்குகிறது என்றால், எல்லாக் கதவுகளையும் பூட்டி, கணினிகள் உறங்கும் வரை அரை மணி நேரமாவது காத்திருந்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. அதிகம் இருந்தால், எந்தப் பகுதி விழித்திருக்கிறது என்று பியூஸ் பியூஸாகத் தேட வேண்டியதுதான்.

துரு இருந்தால்?

கதவின் ஓரத்தில் இருந்தால் பேரம் பேசுங்கள். சேசிஸ் கட்டமைப்பிலோ, சஸ்பென்ஷன் இணையும் இடத்திலோ, ஜாக் வைக்கும் இடத்திலோ இருந்தால் வேண்டாம்.

வாங்கும் விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

குறைந்தபட்சம் வாங்கும் விலை அளவுக்கு இன்னொரு தொகை கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கார் எவ்வளவு மலிவோ, அவ்வளவு அதிகமாக ஒதுக்க வேண்டும். பாதி விலையில் கிடைக்கிறது என்றால், மீதிப் பாதியும் அதற்கு மேலும் வேலையாகக் காத்திருக்கிறது.

ஆகவே அந்த மாடலில் கிடைப்பவற்றுள் மிக மலிவானதைத் தேடுவது பெரும் தவறு. விலை கூடுதலான, பில்கள் உள்ள, முக்கிய வேலைகள் முடிந்த காரே கடைசியில் குறைந்த செலவில் முடியும். மற்றவர் பணத்தில் கியர்பாக்ஸும் டைமிங் செயினும் மாற்றப்பட்டிருந்தால் அதைவிட லாபம் வேறு என்ன?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். கார் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர், பிரேக், கூலிங் பாகங்கள், எல்லா ஆயில்கள், ஒரு சஸ்பென்ஷன் ஏர் பை ஆகியவற்றுக்கு முதலில் உதிரி பாகக் கடையில் விலை கேளுங்கள், பிறகு கூலி கேளுங்கள். இவற்றின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும்போது பலருக்கு ஆசை அடங்கிவிடும். அப்படியும் அடங்காதவர்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்கள்.

உதிரி பாகங்களை எங்கே, எப்படி வாங்குவது?

நிறுவனத்தின் முத்திரை போட்ட பெட்டியில் வரும் பாகத்தைத் தயாரிப்பது பெரும்பாலும் வேறு நிறுவனம். லெம்ஃபோர்டர், பாஷ், மாலே, சாக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதே தரத்தில் தம் பெயரிலும் விற்கின்றன. விலை கணிசமாகக் குறையும். பெயர் தெரியாத மலிவுப் பாகங்களை சஸ்பென்ஷனிலும் கூலிங்கிலும் போடாதீர்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

பிரித்து விற்கும் கார்களிலிருந்து கதவு, இருக்கை, மரவேலை, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். ரப்பர், வாட்டர் பம்ப், ஏர் பை எடுக்க வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வாங்கும் முன் விசாரியுங்கள். பல, பழைய காரின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டவை, புதிதாக கோடிங் செய்யாமல் வேலை செய்யாது.

வாங்கிய பிறகு முதலில் எதைச் சரிசெய்வது?

நிற்பதற்கும் திரும்புவதற்கும் உரியவை முதலில்: பிரேக், டயர், ஸ்டியரிங், பால் ஜாயின்டுகள். அடுத்து கூலிங். ஐரோப்பியக் கார்களில் கூலன்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை, இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். பத்து ஆண்டுக்கு மேற்பட்டவை என்றால் கசியும் வரை காத்திருக்காமல் மொத்தமாக மாற்றிவிடுங்கள். அங்கே ஒரு சிறு விரிசல், கவனிக்காமல் ஓட்டிய ஐந்து நிமிடத்தில் அலுமினிய ஹெட்டை வளைத்துவிடும். டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் ஆயில் கசிவு, பிறகு மின்சாரம், பிறகு பெயின்ட். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பளபளக்கும் வீல்களைப் போட்டுவிட்டு, மூன்று ஆண்டு பழைய பிரேக் ஆயிலோடு ஓட்டுகிறார்கள்.

எல்லா வேலையையும் நானே செய்ய முடியுமா?

பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஏர்பேக் தொடர்பான வேலை, ஏசி வாயு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிப்பது ஆகிய மூன்றையும் உரியவர்களிடம் விடுங்கள். 2002இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ211 இ கிளாஸின் தொடக்க கால மின்னணு பிரேக்கையும் அதே பட்டியலில் சேர்ப்பேன். அதன் பம்ப் உயர் அழுத்தத்தில் இயங்குகிறது. ஸ்கேனரால் செயலிழக்கச் செய்யாமல் பேடை மாற்றப் போனால், காலிப்பர் தானாகவே இறுக்கி விரலை நசுக்கிவிடும்.

சீரமைத்து விற்றால் லாபம் வருமா?

உங்கள் உழைப்புக்கு ஒரு காசும் கணக்கிடாவிட்டால்கூட வராது. அபூர்வ மாடல்கள் விதிவிலக்கு. ஆனால் அவை மலிவாகக் கிடைப்பதில்லை.

எந்தக் கட்டத்தில் கைவிட வேண்டும்?

வாங்கும் முன்பே ஓர் உச்சவரம்பை எழுதி வைத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். செலவு அதை நெருங்கும்போது, இதுவரை எவ்வளவு போட்டோம் என்று பார்க்காதீர்கள். இனி எவ்வளவு தேவை, முடிந்த பிறகு கையில் என்ன இருக்கும் என்று மட்டும் பாருங்கள். என்ஜினுக்குள்ளோ கியர்பாக்ஸுக்குள்ளோ பெரிய பழுது தெரியவந்தால், எதையும் கழற்றும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஓடும் நிலையில், அல்லது குறைந்தபட்சம் எல்லாப் பாகங்களும் பொருத்திய நிலையில் இருக்கும் காருக்கு வாங்குபவர் கிடைப்பார். பாதி பிரித்து, போல்டுகள் டப்பாக்களில் கிடக்கும் காருக்குப் பெரும்பாலும் எடைக்கு எடுப்பவரைத் தவிர வேறு யாரும் வருவதில்லை.